பாம்பு ரத்தத்தைப் பற்றி நான் பேசிய மாலை

இருபத்தேழு வயதில் எனக்கு இந்த உலகத்தில் பிடித்த ஆள் ஒரே ஒருவர்தான். அது நான். மற்றவர்களைச் சகித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன் வேலை. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா, சளியில் கிருமி இருக்கிறதா, ரத்தம் எந்த வகை என்றெல்லாம் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். டாக்டர்கள் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, தாங்களே கண்டுபிடித்த மாதிரி நோயாளியிடம் சொல்வார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு நிரந்தரமாக இருந்தது.

ஊரும் எனக்குப் பிடிக்காது. கோயில் கூரையில் பதித்திருக்கும் தகட்டுப் பல்லியைத் தொட்டுவிட்டால், அதுவரை மேலே விழுந்த பல்லிகளின் தோஷமெல்லாம் போய்விடும் என்று வரிசையில் நிற்கிற ஊர். ஆடி மாதம் வந்தால் புற்றுக்குப் பால் ஊற்றி முட்டை வைப்பார்கள். பாம்பு பால் குடிக்காது, புற்றில் எறும்புதான் மொய்க்கும் என்று நான் வருஷா வருஷம் சொன்னேன். வருஷா வருஷம் பாலின் அளவு கூடியது. சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் இந்த ஜனங்களுக்கு எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தீர்மானித்துவிட்டேன். அந்தத் தீர்மானம் எனக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது.

மழைக்காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பாம்புக்கடி கேஸ்கள் வரும். பெரும்பாலும் தென்னேரி, மாகறல் பக்கத்து வயல்காட்டு ஜனங்கள். மாட்டு வண்டியிலோ, வாலாஜாபாத் வந்து பஸ் பிடித்தோ வருவார்கள். நேராக வர மாட்டார்கள். முதலில் மந்திரிக்கிறவர், அப்புறம் பச்சிலை அரைத்துக் கொடுக்கிறவர், அப்புறம் கடிவாயில் வைத்தால் விஷத்தை உறிஞ்சுமாம் என்று பாம்புக்கல் வைத்திருக்கிறவர், எல்லாரும் கைவிட்ட பிறகு நாங்கள். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த விஷமுறிவு ஊசி எங்கள் ஐஸ்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும். அதைப் போட்டுக்கொள்ள உயிரோடு வந்து சேர வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. பல பேர் அதைக்கூட நிறைவேற்றவில்லை.

இப்படி இருந்த என்னைத்தான் பாம்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள்.

ஆட்சி மாறியிருந்த புதிது. தெருவுக்கு ஒரு படிப்பகம், படிப்பகத்துக்கு ஒரு செயலாளர், செயலாளர் தோளில் ஒரு துண்டு. எங்கள் படிப்பகத்தின் செயலாளர் ஒரு ஜரிகைக் கடைக்காரரின் மகன். காலையில் வந்த பேப்பரைத் தான் முதலில் படித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார். அதில் ராசிபலன் பகுதியை மட்டும் யாரும் பக்கத்தில் இல்லாதபோது படிப்பார். நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன். பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து என் மேல் அவருக்குத் தனி மரியாதை.

"மாசா மாசம் பகுத்தறிவு பத்திப் பேசி எவனும் வர்றதில்ல சார். நீங்க பாம்பைப் பத்திப் பேசுங்க. பாம்புன்னா கூட்டம் வரும்" என்றார்.

என்னிடம் விஷயம் தயாராக இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சென்னைக்குப் போய், வெளிநாட்டுப் புத்தகங்கள் வைத்திருந்த ஒரு நூலகத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு தடித்த புத்தகத்தில் பாம்பின் ரத்தத்தைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். இந்த ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பே எனக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்குச் சமமாக இருந்தது. போஸ்டர் ஒட்டினார்கள்: 'பாம்பு தன் விஷத்தால் ஏன் சாவதில்லை?' தலைப்பு நான் கொடுத்தது.

விஷயம் என்னவோ நல்ல விஷயம்தான். இன்றைக்கும் அதில் எனக்கு வியப்பு குறையவில்லை. பாம்பு இரையைக் கடிக்கும்போது அதன் வாயிலேயே கீறல் படலாம். சண்டையில் அதே இனத்துப் பாம்பு அதைக் கடித்துவிடலாம். அப்படியெல்லாம் விஷம் உள்ளே போனாலும் பாம்பு தன் பாட்டுக்கு ஊர்ந்து போகிறது. காரணம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. அந்த ரத்தத்தில் சில புரதங்கள் மிதக்கின்றன. விஷத்தின் நச்சுப் பொருள் ரத்தத்தில் கலந்த உடனே இந்தப் புரதம் போய் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. நச்சு எந்த முனையால் உடம்பைத் தாக்குமோ அந்த முனையையே மூடிவிடுகிறது. மூடிய பிறகு அந்த நச்சு வெறும் குப்பை. உறையில் இறுகிப்போன கத்தியால் யாரைக் குத்த முடியும் என்று மேடையில் கேட்டேன். கை தட்டினார்கள். ஒவ்வொரு பாம்பின் ரத்தமும் முக்கியமாகத் தன் இனத்து விஷத்தை மடக்கத்தான் பழகியது என்றும் சொன்னேன். கண்ணாடி விரியனின் ரத்தம் நல்ல பாம்பின் விஷத்தை அதே போல மடக்கும் என்று நம்ப முடியாது.

முக்கால் மணி நேரம் பேசினேன். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் கடைசியில் கொடுக்கப்போகும் டீக்கும் வடைக்கும் வந்தவர்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மந்திரிக்கிறவர்களைக் கிழித்தேன், புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்களைக் கிழித்தேன், பாம்புக்கல்லைச் செருப்புக்காலால் போட்டு அரைத்தேன். அவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் பாம்புக்கல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இவர்கள் முன்னால் பேசுவதே என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டே பேசினேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அது வேண்டும் போல இருந்தது.

பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். பட்டு நெசவு செய்கிறவர் என்பது சட்டையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளிலேயே தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து நின்றார். எனக்கு அந்தப் பணிவே எரிச்சலாக இருந்தது.

"சார், ஒரு சந்தேகம். பாம்பு ரத்தத்துல அப்படி ஒரு சத்து இருக்குதுன்னா, கடிபட்டவங்களுக்கு அந்த ரத்தத்தைக் குடுத்தா கேக்குமா சார்?"

அந்த மாலையில் யாராவது ஒரு புத்திசாலித்தனமான வார்த்தை பேசினார்கள் என்றால் அது இதுதான். என் பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதற்குப் பதில் மிகச் சுலபம். வாய் வழியாகக் கொடுத்தால் கேட்காது, வயிறு அதைப் பருப்பைச் செரிக்கிற மாதிரி செரித்துவிடும். அது ரத்தத்துக்குள் நேராகப் போக வேண்டும். விஷத்தை மடக்குகிற அந்த மாதிரிச் சரக்கைக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து ஊசி மருந்தாக வைத்திருக்கிறார்கள், அது நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது, பாம்பு கடித்தால் நேராக அங்கே வாருங்கள். இவ்வளவுதான். அரை நிமிஷம் ஆகியிருக்கும். முக்கால் மணி நேரப் பேச்சில் நான் இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்று சொல்வதற்கு ஒரு மேடை எதற்கு, அதை வார்டு பாய்கூடச் சொல்வான் என்பது என் எண்ணம்.

அதனால் நான் இப்படிச் சொன்னேன்:

"ஓ, தாராளமா! காலையில வெறும் வயித்துல, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, சூடா குடிச்சிப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு, கடிச்ச பாம்பு ரத்தமாவே இருக்கணும். வேற பாம்பு ரத்தம் ஒத்துக்காது!"

கூடம் அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே அவரும் சிரித்தார். செயலாளர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்வி கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறவர் மாதிரி உதடு அசைந்தது. தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஜோக்குகூடப் புரியாத ஜென்மம் என்று நினைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, இதே வார்த்தைகளில்தான் நினைத்தேன்.

அடுத்த மூன்று நாள் லேபில் வந்தவன் போனவனிடமெல்லாம் அந்த ஜோக்கைச் சொல்லிச் சிரித்தேன்.

கார்த்திகை மாதத்து அமாவாசைக்கு மறுநாள். காலை பதினோரு மணிக்கு ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கால் முட்டி வரை வீங்கி, தோல் பளபளவென்று நீலம் பாய்ந்திருந்தது. முட்டிக்குக் கீழே அரக்கு நிறப் பட்டு நூலைக் கயிறாகத் திரித்துப் பத்துப் பன்னிரண்டு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தார்கள். துணிக் கந்தலோ சணலோ கிடைக்கவில்லையாக்கும், இதிலும் பகட்டு என்று நினைத்துக்கொண்டே ஊசியும் கண்ணாடிக் குழாயும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

விரியன் கடியில் ரத்தம் உறைகிற சக்தியை இழந்துவிடும். அதைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் இருபது நிமிஷம் நிறுத்தி வைக்க வேண்டும். நல்ல ரத்தம் கெட்டியாகிவிடும். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அந்த அம்மாவின் உதட்டில் ரத்தம் இருந்தது. விரியன் கடியில் ஈறிலிருந்து ரத்தம் கசியும், அதுதான் என்று நினைத்தேன்.

"வாயெல்லாம் ஒரே நாத்தமா இருக்குதுபா. கொஞ்சம் தண்ணி குடேன்" என்றார் அந்த அம்மா என்னைப் பார்த்து.

என்ன நாற்றம் என்று எனக்குப் புரியவில்லை. நர்ஸ் ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். தட்டில் வந்து விழுந்தது கருத்துக் கட்டிகட்டியாக இருந்தது. ஈறில் கசிகிற ரத்தம் அப்படி இருக்காது.

இருபது நிமிஷம் கழித்துக் குழாயைச் சாய்த்தேன். ரத்தம் தண்ணீராக ஓடியது. டாக்டரிடம் சொல்ல ஓடினேன். அவர் கோயில் தர்மகர்த்தாவின் ரத்த அழுத்தத்தை இரண்டாவது தடவையாக அளந்துகொண்டிருந்தார். முதல் தடவை வந்த அளவு தர்மகர்த்தாவுக்குப் பிடிக்கவில்லையாம். அதை முடித்துவிட்டுத்தான் வந்தார். ஊசியை ஏற்ற ஆரம்பித்த பிறகு, எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்டார்.

"காலையில ஏழரை மணிக்கு சார்" என்று கட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். படிப்பகத்தில் கேள்வி கேட்ட அதே ஆள். வேட்டி, கை, முகம் எல்லாம் மண்.

"மூணரை மணி நேரமா என்னய்யா பண்ணின? எங்க இருக்குது உன் வீடு?" டாக்டர் கத்தினார்.

"வைத்தியம் பண்ணிட்டுத்தான் கூட்டிக்கினு வந்தேன் சார். பாம்பு தறிக்குழிச் சொவுத்துல பொந்துக்குள்ள போயிடிச்சி. தோண்டிப் பிடிக்க நேரமாயிடிச்சி. கடிச்ச பாம்பேதான் சார், வேற இல்ல. ரத்தம் எடுத்து, உப்பு போட்டு, சூடு ஆர்றதுக்குள்ள குடுத்துட்டேன். வெறும் வயித்துலதான் இருந்தா." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். பயந்துபோயிருந்த அந்த முகத்தில் ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது. தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்கிற நிம்மதி. "சார் சொன்ன மாதிரியேதான் பண்ணேன். கேட்டுப் பாருங்க. படிப்பகத்துல சார்தான் சொன்னாரு."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் சொன்னது இது: "இவரு யாருன்னே எனக்குத் தெரியாது சார். இதுங்க எங்கியாவது எதையாவது கேட்டுட்டு வந்து எதையாவது பண்ணும்."

'இதுங்க' என்றேன். ஆடுமாட்டைச் சொல்கிற மாதிரி.

அந்த நெசவாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் முன்னால் எனக்கு ஏதோ சங்கடம் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் சட்டென்று, "ஆமா சார், சார் இல்ல. வேற யாரோ. பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன்" என்றார். மனைவி கண்ணெதிரில் செத்துக்கொண்டிருக்கும்போது என் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிய ஒரு மனிதரை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது நன்றிகூட இல்லை. தப்பித்தோம் என்ற பெருமூச்சுதான்.

வெளியே வந்து நர்ஸிடம், "தறியை விட்டுட்டு வர மனசு வந்திருக்காது. பாதி நெய்ஞ்ச பொடவை கெட்டுடும்னு பாத்திருப்பான்" என்று வேறு சொன்னேன்.

இரண்டாம் நாள் குழாயில் ரத்தம் உறைந்தது. ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது. குதிரையின் ரத்தத்துப் புரதம் விஷத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, மேடையில் நான் கை தட்டல் வாங்கிய அதே வேலையைச் செய்தது. மூன்றரை மணி நேரம் முன்னால் போயிருந்தால் முழுசாகச் செய்திருக்கும். அதற்குள் விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. சிறுநீர் இறங்கவில்லை. நான் சோதிப்பதற்கென்று வைத்த கண்ணாடிக் குடுவை காலியாகவே திரும்பி வந்தது. முகம் ஊதிக்கொண்டே போனது. நான்காம் நாள் சென்னைக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் அங்கே இறந்துபோனார்.

பத்து நாள் கழித்து அவர் லேப் ஜன்னலுக்கு வந்து நின்றார். மொட்டையடித்திருந்தார். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, திருப்பிக் கொடுக்க வேண்டிய வார்த்தைகளை அவசரமாக மனதுக்குள் அடுக்கினேன். படித்தவன் சொன்னான் என்றால் உனக்கு எங்கே போச்சு புத்தி என்கிற மாதிரி வார்த்தைகள். என்னிடம் அதற்குப் பஞ்சமே கிடையாது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். மனசு ஆற மாட்டேங்குது. இன்னும் சீக்கிரமா அந்தப் பாம்பைப் புடிச்சி ரத்தத்தைக் குடுத்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

அடுக்கி வைத்த வார்த்தை எதுவும் உதவவில்லை. உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். உண்மை என்னவென்றால், அவர் பாம்பைப் பிடிக்கவே போயிருக்கக் கூடாது, போகச் சொன்னது நான். அதைச் சொன்னால் அவர் என்ன செய்வார், வெளியே போய் யாரிடம் சொல்வார், டாக்டருக்கு விஷயம் எட்டுமா என்பதெல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் ஓடியது. கோழைக்கு மூளை மட்டும் எப்போதும் வேகமாக ஓடும்.

"ஆமா. கொஞ்சம் லேட் ஆயிடுச்சு" என்றேன்.

அவர் தலையாட்டினார், படிப்பகத்தில் ஆட்டிய மாதிரியே. "அதான் சார் நானும் நெனைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதக் கடைசியில் வார்டு பாய் ஒரு செய்தி கொண்டுவந்தான். அந்த நெசவாளர் வீட்டில் பாம்புக்கடிக்கு மருந்து கொடுக்கிறார்களாம். காசு கிடையாதாம். "லேப் சார் மருந்து" என்றுதான் பெயராம். முந்தின நாள் மாகறலிலிருந்து வந்த கேஸ்கூட அங்கே போய் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் இங்கே வந்ததாம். "ஒங்க பேரு ஊரெல்லாம் அடிபட்டுக்கினு இருக்குது சார்" என்று சிரித்தான். அந்த மாகறல் ஆள் பிழைத்தது அவனுடைய அதிர்ஷ்டம். கடித்தது விஷமில்லாத பாம்பு.

அன்று சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல எண்ணத்தில் போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பயத்தில் போனேன். அடுத்த பிணம் என் பெயரோடு வந்து விழும் என்ற பயம். மிதித்துப் போகும்போதே தெருக்களை எண்ணினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வீட்டுக்கு நான்கு தெரு.

வீடு முழுக்க ஒரே அறை மாதிரிதான். தறிதான் வீடு. அதன் பக்கத்தில் மனிதர்கள் ஒண்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தத் தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓட வேண்டிய நூல், இழுபட்டு நிற்கவில்லை. முன்பக்கம் ஒன்றரை முழம் நெய்த புடவை மரத்தில் சுற்றியிருந்தது. அங்கேயே நூல்கள் எல்லாம் ஒரே நேராக வெட்டுப்பட்டுத் தொங்கின. அரக்கு நிறம். மறுபக்கம் மீதிப் பாவு சுருண்டு கிடந்தது. அடியில் நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் குழி இரண்டு மடங்கு அகலமாகத் தோண்டப்பட்டு, மண் இன்னும் ஓரத்தில் குவிந்திருந்தது.

அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். "குழிக்குள்ள எறங்கி மம்முட்டி போடணும்னா பாவு குறுக்க இருக்குது சார். சீவி விட்டுட்டேன். அதையே திரிச்சி காலுக்கும் கட்டினேன். கல்யாணப் பொடவை. மொதலாளி கேட்டாரு. பொஞ்சாதி உயிரு போவும்போது பாவு என்னாத்துக்குன்னு சொல்லிட்டேன்."

நெசவாளி ஓடுகிற பாவில் கத்தி வைத்ததாக அந்த ஊரில் நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. ஒரு இழை அறுந்தாலே நின்று முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வார்கள். அவர் ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே வீச்சில் வெட்டியிருக்கிறார். புடவையைக் காப்பாற்றப் பார்த்திருப்பான் என்று நர்ஸிடம் சொன்ன வாய் இது.

சுவர் மாடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இரண்டு மருந்து பாட்டில்கள் இருந்தன. அடியில் கருப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பட்டு நூல், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சை.

"யாருக்கும் லேட் ஆவக் கூடாது பாருங்க சார். பாம்பு புடிக்கிறவன் ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான். மஞ்சா நூலு விரியன், பச்ச நூலு நல்ல பாம்பு. மாத்திக் குடுத்தா ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே. காய வெச்சிருக்கேன். தண்ணில கரைச்சி, உப்பு போட்டு, சூடு பண்ணிக் குடுக்கறேன். சரியா சார்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குவித்த மண்ணின் மேல்தான். அங்கே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். குடித்தால் வயிறு அதைச் செரித்துவிடும், ரத்தத்துக்குப் போகாது, சூடு பண்ணினால் இன்னும் கெட்டுப்போகும், காய்ச்சியும் காயவைத்தும் குடிப்பதற்கும் பருப்பு ரசத்துக்கும் வித்தியாசம் இல்லை. அன்று லேட் ஆனது ரத்தம் இல்லை, ஊசி. படிப்பகத்தில் நான் சொன்னது வைத்தியம் இல்லை. கிண்டல்.

"கிண்டலா சார்?"

"ஆமா."

அவர் எழுந்து போய் மாடத்திலிருந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். நூலை அவிழ்க்கவில்லை.

"ஏழரை மணிக்குக் கடிச்சிது. அவளே எழுந்து நின்னா சார். ஆஸ்பத்திரிக்குப் போலாம்யா, நாலு தெருதான, நடந்தே வரேன்னா. நான்தான் ஒக்கார வெச்சேன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம், எனக்கு அது ஒரு உபகாரமாக இருந்திருக்கும். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் சிரிக்கல சார்" என்றார். "கவனமா கேட்டுக்கினு இருந்தேன்."

பாட்டில்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நான்கு தெருவையும் நடந்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மேடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.